பம்பருக்குப் பின்னால் நான் வெட்டியது

புதிதாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் வைக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிற கேள்வி ஒன்றுதான். "இந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய இன்டர்கூலர் போடலாமுங்க?" நான் ஏதாவது ஒரு அளவைச் சொல்லி அனுப்பியிருப்பேன். சொல்ல வேண்டியதைச் சொன்னதில்லை.

நான் லாரிக்காரன். நாமக்கல் பரமத்தி ரோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் லாரிக்கும் போர் போடும் ரிக் வண்டிக்கும் டர்போ வேலை பார்த்தவன். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று கொதிக்கும். அதைக் குளிரவைத்து இன்ஜினுக்குள் விடுவதுதான் இன்டர்கூலரின் வேலை. லாரியின் முகப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பெரிதாக வைத்தால் நன்றாகக் குளிரும், வண்டி நன்றாக இழுக்கும். அந்தப் புத்தியோடுதான் காரைத் தொட்டேன். காரில் அப்படியில்லை. இன்டர்கூலர் பெரிதானால் பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். குழாயும் பெட்டியும் நிரம்ப அதிகக் காற்று வேண்டும் என்பதால் மிதித்ததும் வண்டி ஒரு கணம் யோசிக்கும். இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது இதுவல்ல.

டாக்டர் மலர்விழி எங்கள் பட்டறைக்கு வந்தது ஒரு சித்திரை மாதம். கோழி டாக்டர். வீடு ராசிபுரத்தில். காலையில் கிளம்பினால் எருமப்பட்டி, மோகனூர், தம்மம்பட்டி என்று பண்ணை பண்ணையாகப் போவார். ஒவ்வொரு கொட்டகையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்ப்பார். முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டி ஓட்டுவதில் அவ்வளவு ஆசை. டர்போ டீசல் கார். கோயம்புத்தூரில் யாரிடமோ கொடுத்து, கம்ப்யூட்டரில் அதன் இழுவையைக் கூட்டியும் வைத்திருந்தார்.

"மத்தியானம் ஆனாப் போதுங்கண்ணா, வண்டி சோந்து போயிருது. முட்டை லாரியத் தாண்டறதுக்குள்ள எதுத்தாப்புல பஸ்ஸு வந்துருது" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வண்டியோடு வந்த இன்டர்கூலர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையில், நோட்டுப் புத்தகம் அளவுக்கு இருந்தது. நம் ஊர் வெயிலுக்கும், கூட்டி வைத்த இழுவைக்கும் அது போதாது.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, அதே இடத்தில் அதே வடிவில், இன்னும் தடிமனான ஒன்றை வைப்பது. அந்த வண்டிக்கென்றே செய்தது. கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு நாள் ஆகும். இன்னொன்று என் அலமாரியிலேயே இருந்தது. வேறொரு காருக்கு வரவழைத்து, அந்த ஆள் வராமலே போனதால் தங்கிவிட்ட பெரிய இன்டர்கூலர். பம்பருக்குப் பின்னால் வண்டியின் அகலத்துக்கு நிற்கும். பார்க்கவே மிரட்டும்.

டாக்டருக்கு முதலாவதே போதும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். பட்டபிறகு புரிந்தது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் என் பட்டறையில் போட்ட வண்டி ரோட்டில் போனால் மற்ற பட்டறைக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பெரியதைச் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரிங்கண்ணா" என்றார். பிறகு, "எதையாச்சும் வெட்ட வேண்டி வருமுங்களா?" என்று கேட்டார்.

"பம்பர் பிளாஸ்டிக்க உள்பக்கமாக் கொஞ்சம். வெளிய தெரியாதுங்க."

அந்த நேரத்தில் அது பொய்யில்லை. அளந்து பார்க்காமல் சொன்ன வார்த்தை. அது பொய்யாக மாறியது அடுத்த நாள் மாலை நான்கு மணிக்கு.

அந்த நான்கு மணிக்கு வண்டியின் முகப்பு முழுவதும் பிரிந்து கிடந்தது. இன்டர்கூலரைத் தூக்கி வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரற்கடை இடிக்கிறது. இடிப்பது பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில். நாம் 'பார்' என்போமே, அது. வண்டி எதிலாவது மோதினால் முதலில் அடியை வாங்கி, இரண்டு பக்க சேஸிக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். அதன் கீழ்ப்பாதியை நடுவில் ஒரு முழ நீளத்துக்கு எடுத்துவிட்டால் இன்டர்கூலர் உட்கார்ந்துவிடும்.

அப்போதுதான் டாக்டர் போன் செய்தார். மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மதியத்திலிருந்து கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. விடிந்ததும் அங்கே நிற்க வேண்டும்.

"ஆறு மணிக்கு வந்தா வண்டி கெடைச்சிருமுங்களா?"

"கெடைச்சிருமுங்க" என்றேன்.

என்னோடு இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் மாதேசு. வெல்டர். என் வயதுக்காரன், லாரிக்கு பாடி கட்டுகிற இடத்திலிருந்து வந்தவன். இரும்பைத் தட்டிப் பார்த்தே அது எவ்வளவு தாங்கும் என்று சொல்லுவான். கிரைண்டரை எடுக்கச் சொன்னேன். அவன் எடுக்கவில்லை.

"இது வெட்டற சாமானா மேஸ்திரி?"

"மேல் பாதி இருக்குதல்ல. அது தாங்கும்."

"தாங்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"மணி நாலாச்சு மாதேசு" என்றேன்.

"பழசையே மாட்டிக் குடுத்துரலாமுங்க. ஒரு மணி நேரத்து வேலை. நாளைக்கு ஓட்டிட்டுப் போகட்டும். கோயமுத்தூருச் சாமான் வந்ததும் வரச் சொல்லலாம்."

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் சொன்னதில் எந்தக் கஷ்டமும் இல்லை. டாக்டருக்கு அடுத்த நாள் வண்டி வேண்டும், அவ்வளவுதான். பெரிய இன்டர்கூலரோடு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவசரம் அவருடையது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், 'அளக்காமல் பேசிவிட்டேன், இது பொருந்தவில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து பிரித்ததை எல்லாம் திரும்ப மாட்டி, ஒன்றும் நடக்காததுபோல் சாவியை நீட்டுவது எனக்கு அவமானமாகப் பட்டது. பிரித்த வண்டியை அப்படியே திரும்ப மாட்டிக் கொடுப்பதும் நம் தொழில்தான். அதை நான் கற்றுக்கொள்ளாமலே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்.

கிரைண்டரை நானே எடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். கிரில் வழியே பளபளவென்று தெரிந்த இன்டர்கூலரைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். வெட்டிய துண்டு தரையில் கிடந்தது. மாதேசு அதை எடுத்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வைத்தான். நான் கை துடைக்கிற துணியை அதன்மேல் போட்டேன். மாதேசு என்னைப் பார்த்தான். பிறகு கை கழுவப் போய்விட்டான்.

வண்டி என்னவோ பிரமாதமாக ஓடியது. ஒரு வாரம் கழித்துத் தம்மம்பட்டியிலிருந்து கூப்பிட்டார். "உச்சி வெயில்லயும் சோரவே மாட்டேங்குதுங்கண்ணா. வேற வண்டி மாதிரி இருக்குது." அவர் சொல்லி அதே மாடல் கார் நான்கு வந்தது. நான்கிலும் அதே பாரை அதே மாதிரி வெட்டினேன். இப்போது அளவெல்லாம் தெரிந்துவிட்டதால் வேலை சீக்கிரமாக முடிந்தது. நான் கிரைண்டரை எடுக்கும்போதெல்லாம் மாதேசு வெளியே போய் நின்றுகொள்வான். அதையும் பழகிக்கொண்டேன்.

அடுத்த மாசியில், ஒரு மூன்று மணிவாக்கில், சேந்தமங்கலம் ரோட்டில் டாக்டர் வந்துகொண்டிருந்தார். பக்கத்து மண் தடத்திலிருந்து ஒரு டூவீலர் சட்டென்று ரோட்டில் ஏறியது. அதை ஓட்டி வந்தவன்மேல் மோதாமலிருக்க இடதுபக்கம் ஒடித்தார். வண்டி புளியமரத்தில் மோதியது. வேகம் அதிகமில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏர்பேக் பலூன் விரிந்தது. தலைக்கும் நெஞ்சுக்கும் ஒன்றுமில்லை. இன்ஜின் பின்னால் தள்ளி, பெடல்கள் மடங்கி, இடது கணுக்கால் நசுங்கிவிட்டது.

சேலத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மருந்து மயக்கத்தில் இருந்தார். வெளியே நின்ற அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி ராசிபுரத்துல ஒரு ஷெட்டுல நிக்குதுங்க. தேறுமான்னு நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

போனேன். ஷெட்டில் யாருமில்லை, சாப்பாட்டு நேரம். பம்பர் பிளாஸ்டிக் நொறுங்கித் தொங்கியது. அதை விலக்கினேன். பார் நடுவில், நான் வெட்டி நிறுத்திய மூலையிலிருந்து கிழிந்து, மரத்தைச் சுற்றி மடங்கியிருந்தது. மரம் உள்ளே போன வழி அதுதான். கிரைண்டர் ஓடிய பளபளப்பு அந்த விளிம்பில் இன்னும் மங்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவும். இரண்டு பக்கமும் போல்ட்டைக் கழற்றி, அந்த பாரை எடுத்து என் வண்டியின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டரின் கணவருக்கு போன் செய்து, "தேறாதுங்க, விட்டுருங்க" என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பட்டறையில் அதை இறக்கும்போது மாதேசு பார்த்தான். கிட்டே வந்து, கிழிந்த மூலையில் விரலை வைத்துத் தடவினான்.

"அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"இல்ல."

"சொல்லப் போறீங்களா?"

நான் பாரைச் சுவரோரம் சாத்தி வைத்தேன். அன்று மாலை அவன் தன் கண்ணாடியையும் கையுறையையும் பைக்குள் போட்டுக்கொண்டான். "நாளையிலிருந்து வரலீங்க" என்றான். சண்டை போட்டிருந்தால்கூட நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவன் சண்டை போடவில்லை. அடுத்த நாள் பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தபோது அந்த பாரை அவனிடம் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் பார் வெட்டவில்லை. கேட்டு வந்தவர்களிடம் சாமான் கிடைப்பதில்லை என்று சொன்னேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்த அந்த நான்கு கார்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் டாக்டரின் காரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். பத்து மாதம் இப்படியே ஓடியது. நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து மாதம் கழித்து ஒரு காலையில் பட்டறை வாசலில் புது கார் ஒன்று வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். கையில் ஊன்றுகோல். இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வாங்கியிருந்தார். கொட்டகை கொட்டகையாக நடக்க முடியாமல் இப்போது ஒரு தீவன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

"கோழியப் பாக்காம மாவப் பாத்துட்டு உக்காந்திருக்கேனுங்கண்ணா" என்று சிரித்தார். பிறகு புது வண்டியைத் தட்டி, "இதுக்கும் அதே மாதிரி பெரிசாப் போட்டுக் குடுங்க. அந்த வண்டிதான் என்னய உசுரோட இறக்கி உட்டுது" என்றார்.

ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். "இந்த வண்டிக்கு நான் போட மாட்டேனுங்க" என்றேன்.

"ஏனுங்க?"

சொன்னேன். வரிசையாக வரவில்லை. முதலில் பார் என்றால் என்ன என்று சொன்னேன், பிறகு அன்றைய நான்கு மணி, பிறகு மேசைமேல் துணியைப் போட்டது. அவர் ஊன்றுகோலின் பிடியை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அது முழுசா இருந்திருந்தா காலு தப்பிச்சிருக்குமுங்களா?"

"தெரியலீங்க. தப்பிச்சிருக்கலாம். இல்லாமயும் போயிருக்கலாம்."

"வேற யாராச்சும் தெரிஞ்சவங்க பாத்தாச் சொல்லுவாங்களா?"

"பார் இருந்தாச் சொல்லுவாங்க."

"எங்கீங்க அது?"

"கழட்டிட்டு வந்து பழைய இரும்புக்குப் போட்டுட்டேனுங்க."

அதுவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் கண்ணை எடுத்தார். வாசலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"வலி வர்றப்பெல்லாம் அந்த டூவீலர்க்காரன வஞ்சிட்டிருந்தேனுங்க" என்றார். "இனி யார வையறதுன்னே தெரியாமப் பண்ணிட்டீங்க."

நான் செய்ததில் எது பெரிய தப்பு என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. வெட்டியது தப்பு, சொல்லாதது தப்பு. ஆனால் அந்த இரும்பைத் தூக்கிப் போட்டதன் மூலம், தன் காலுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் வழியையே அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அதை நான் திருப்பித் தர முடியாது. யாராலும் முடியாது.

எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. "இதே மாதிரி வேற எத்தன வண்டிங்க?" என்று கேட்டார்.

"நாலு."

"அவங்க எல்லாம் என்ற பேச்சக் கேட்டு வந்தவங்க. இப்பவே கூப்புடுங்க. நான் இருக்கறப்பவே."

அவர் எதிரிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார். முதல் ஆள் வைதார். இரண்டாவது ஆள் சரியாகக் காதில் விழவில்லை என்று இரண்டு தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது ஆள், "நல்லாத்தான ஓடுது, உடுங்க" என்றார். டாக்டர் போனை வாங்கி, "நான் மலர்விழி பேசறேன். வண்டியக் கொண்டாந்து உடுங்க. என்ற காலு எப்படி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமல்ல" என்றார். அந்த வண்டி அன்று மாலையே வந்தது.

மூன்று வண்டிக்கும் புது பார் வரவழைத்தேன். நான்காவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மாட்டுவதற்கு மாதேசைத் தேடிப் போனேன். சேந்தமங்கலத்தில் தனியாக ஒரு வெல்டிங் ஷெட் போட்டிருந்தான். சொன்னதும் வந்தான். மூன்று நாள் வேலை செய்தான். பெரிய இன்டர்கூலர்களைக் கழற்றிவிட்டு, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய அந்தத் தடிமனானவற்றை மாட்டினோம். வண்டி ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்று மூன்று பேருமே சொன்னார்கள். அதைக் கேட்டபோது நான் தலையைத் தூக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, திரும்ப வந்துவிடு என்று மாதேசிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. அவனும் பையை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று போய்விட்டான்.

டாக்டர் அதற்குப் பிறகு பட்டறைக்கு வரவில்லை. இரண்டு தடவை எதிரே பார்த்திருக்கிறேன். தலையசைப்பார், அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு நியாயமில்லை. அந்த வருடமே பட்டறையை மூடிவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம். வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் பழையதை மாட்டிக் கொடுத்து அனுப்புங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டுவதற்கு முன்னால் வண்டிக்காரரை நேரில் வரவழைத்து, எதை வெட்டப் போகிறீர்கள், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள். வெட்டியதை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் கையில் கொடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அது வெட்டக்கூடாத சாமான்.

இனி நான்காவது வண்டி. அதைக் கூப்பிட்டபோது, விற்று மூன்று மாதமாகிவிட்டது என்றார் அதன் சொந்தக்காரர். சேலத்தில் ஒரு வியாபாரியிடம் கொடுத்திருந்தார். வியாபாரியைப் போய்ப் பார்த்தேன். ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார், அவரும் வேறு கைக்கு மாற்றிவிட்டார் என்றார். ஆர்டிஓ ஆபீஸில் இன்னும் முதல் சொந்தக்காரர் பேரில்தான் இருக்கிறது. ஆத்தூருக்கு நான்கு தடவை போனேன். கிடைக்கவில்லை. சாம்பல் நிற வண்டி. எண்ணைச் சங்கத்தின் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது எண் பலகையையே மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடும். அதனால் அந்த மாடல் எது வந்தாலும் கிரில் வழியாகக் குனிந்து பாருங்கள். பாரின் கீழ்ப்பாதி நடுவில் ஒரு முழத்துக்கு இல்லையென்றால், அது என் வேலை. வந்த ரிப்பேர் எதுவாக இருந்தாலும் முதலில் வண்டிக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள்.

நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் பனமரத்துப்பட்டி ஏரிப்பக்கம் சாம்பல் நிறத்தில் அதே மாடல் ஒன்று நின்றது. வேறு எண். முட்டி போட்டு உள்ளே பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒருவர் இறங்கினார். பின்சீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் பொரி தின்றுகொண்டிருந்தன.

"ஏனுங்க, ஏதாச்சும் விழுந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். பார் முழுசாக இருந்தது. அவர் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். அந்தக் குழந்தைகளைப் பார்த்து எனக்கு அப்படியொரு நிம்மதி. வண்டி கிளம்பி ரோட்டில் ஏறுகிறவரைதான் அது இருந்தது. இது அந்த வண்டி இல்லையென்றால், அது வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.